திருகாணியின் மேல் நிற்கும் பல்

முந்தைய ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, எங்கள் பல் லேபுக்கு வந்த பெட்டியைத் திறந்தபோது, அச்சுகளுக்கும் வேலைச்சீட்டுகளுக்கும் நடுவே மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் அளவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பை கிடந்தது. அதற்குள், பல்வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் தண்டான இம்ப்ளான்ட் ஒன்று இருந்தது. அதன் தலையில், ஐந்தரை ஆண்டுகளுக்கு முன் நான் செய்துகொடுத்த கேப், ஒரு கீறலும் இல்லாமல், பாலிஷ் போட்டு அனுப்பிய அன்றிருந்த அதே மினுக்குடன் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த எலும்பு கரைந்து, இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கி, கடைசியில் விரலால் பிடித்துத் திருப்பியதுமே வெளியே வந்துவிட்டதாக மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். அதன் கீழே இன்னொரு வரி இருந்தது: கேப் நன்றாகத்தானே இருக்கிறது, புதிதாக இம்ப்ளான்ட் வைத்தால் இதையே மாட்ட முடியாதா என்று நோயாளி கேட்கிறார்.

முடியாது என்று பதில் எழுதுவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பையை அன்று முழுவதும் மேசையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. மாலையில் லூப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கேப்பின் விளிம்புக்குக் கீழே, ஈறுக்குள் புதைந்திருந்த பகுதியில், சாம்பல் கலந்த வெண்மையில் சிமெண்ட் துணுக்கு ஒன்று சிப்பிபோல இறுகி ஒட்டியிருந்தது. அதற்குச் சற்று மேலே கேப்பின் வயிறு, குடத்தின் வயிறுபோல, வெளியே பிதுங்கி நின்றது. சிமெண்டை விட்டவர் மருத்துவர். அந்த வயிற்றைச் செய்தவன் நான்.

இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பல் கட்டும் வேலையில் இருக்கிறேன். மெழுகில் பல் வடித்த காலத்தில் தொடங்கி இப்போது கணினித் திரையில் வடிவமைத்து ஸிர்கோனியா என்ற உறுதியான பீங்கான்வகைக் கட்டியில் அரைத்தெடுக்கும் காலம்வரை வந்துவிட்டேன். இவ்வளவு காலத்தில் இம்ப்ளான்ட் வெற்றி விகிதம் என்று ஒரு எண்ணை எத்தனையோ கிளினிக் சுவர்களில் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணில் எதை எண்ணியிருக்கிறார்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. பை வந்த பிறகுதான் கேட்டேன். செயற்கைப் பல் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மருத்துவர், எனக்கு நெடுநாள் பழக்கமானவர், ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று இரவுகள் என்ற கணக்கில் படித்தேன்.

தொடக்கம் பல்லில் இல்லை. சுவீடனில் லுண்ட் நகரத்தில், 1950களின் முற்பகுதியில், பெர்-இங்வார் பிரோனெமார்க் முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதை, விலங்கு உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்க்க விரும்பினார். அதற்காக டைட்டானியத்தில் ஒரு சிறு நோக்குக்கூடு செய்து எலும்பில் பதித்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துக் கூட்டைக் கழற்றப் போனபோது அது வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. எலும்பின் செல்கள் அந்தப் படலத்தை அந்நியமாகக் கருதி நார்த்திசுவால் சுற்றி ஒதுக்காமல், அதன் மேலேயே எலும்பைப் படியவைக்கின்றன. பல் மருத்துவரல்லாத இந்த மனிதர் பின்னர் கோத்தன்பர்க்கில் 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளான்ட்களை வைத்தார். பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறைபாடும் கொண்டிருந்த லார்சன், 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைக் கொண்டே சாப்பிட்டார்.

கோத்தன்பர்க் குழு தன் பதினைந்து ஆண்டுக் கணக்கை 1981இல் வெளியிட்டது. அடெல், லெக்ஹோல்ம், ராக்லர் ஆகியோருடன் பிரோனெமார்க்கும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையில், பல்லே இல்லாத 371 பேரின் 410 தாடைகளில் வைத்த 2,768 இம்ப்ளான்ட்கள் இடம்பெற்றன. ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள்வரை பார்க்கப்பட்டவர்களில், மேல்தாடை இம்ப்ளான்ட்களில் 81 விழுக்காடும் கீழ்த்தாடையில் 91 விழுக்காடும் உறுதியாக நின்றன. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு: அவற்றின் மேல் கட்டிய பிரிட்ஜ்களில், அதாவது பல பற்களை ஒன்றாக இணைத்த கட்டுகளில், மேல்தாடையில் 89 விழுக்காடும் கீழ்த்தாடையில் 100 விழுக்காடும் இடைவிடாமல் நிலைத்திருந்தன. ஒரு தாடையில் ஐந்தாறு இம்ப்ளான்ட் வைத்தால் ஒன்று போனாலும் மற்றவை பிரிட்ஜைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் வந்த வேறுபாடு இது. ஆக, கீழே நிற்பதை ஒரு பத்தியிலும் மேலே நிற்பதை இன்னொரு பத்தியிலும் எண்ணும் வழக்கம் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. கிளினிக் சுவருக்கு வரும்போதுதான் இரண்டாம் பத்தி காணாமல் போய்விடுகிறது.

அந்தக் காலத்துக் கோத்தன்பர்க் பிரிட்ஜின் படத்தைப் பார்த்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கக் கலவையில் ஒரு சட்டம், அதன்மேல் அக்ரிலிக் பற்கள், அடியில் ஈறைத் தொடாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி. வெள்ளத்துக்குப் பயந்து தூண்கள்மேல் தூக்கிக் கட்டிய வீடுபோல இருக்கிறது. இன்று அப்படி ஒன்றைச் செய்து அனுப்பினால் அதே பெட்டியில் திரும்பி வரும். பேசும்போது காற்று ஒழுகும், மேல்தாடையில் என்றால் சிரிக்கும்போது உலோகம் தெரியும். ஆனால் அந்த இடைவெளியை அவர்கள் தெரிந்தேதான் விட்டார்கள்: பிரஷ் நுழைய வேண்டும் என்பதற்காக.

வெற்றி என்றால் என்ன என்று வரையறுக்கும் வேலையை 1986இல் ஆல்பிரெக்ட்சன், ஜார்ப், வொர்திங்டன், எரிக்சன் ஆகிய நால்வர் செய்தார்கள். இம்ப்ளான்ட் தனியாகச் சோதிக்கும்போது அசையக்கூடாது. எக்ஸ்ரேயில் சுற்றிலும் கருநிழல் தெரியக்கூடாது. முதலாண்டுக்குப் பிறகு எலும்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குமேல் இறங்கக்கூடாது. வலியோ சீழோ மரத்துப்போதலோ நீடிக்கக்கூடாது. இவற்றை ஐந்தாண்டு முடிவில் 85 விழுக்காடும் பத்தாண்டு முடிவில் 80 விழுக்காடும் நிறைவேற்றினால்தான் வெற்றி என்று கொள்ளலாம். கடுமையான அளவுகோல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதில் மேலே உட்காரும் பல்லைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 1989இல் ஸ்மித்தும் ஜார்ப்பும் இதைத் திருத்தும்போதுதான், நோயாளிக்கும் மருத்துவருக்கும் நிறைவளிக்கும் தோற்றத்தில் பல் வைப்பதற்கு இம்ப்ளான்ட் இடம்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அங்கேயும் தோற்றம்தான் பேசப்பட்டதே ஒழிய, அந்தப் பல் எவ்வளவு காலம் உடையாமல் கழலாமல் இருக்க வேண்டும் என்பது பேசப்படவில்லை. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் எவராவது அந்த அறையில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

என் மேசைக்கு வருவதை எண்ணிய கட்டுரை 2012இல் வந்தது. பியெடுர்சனும் உடன் ஆய்வாளர்களும் இம்ப்ளான்ட் மேல் கட்டிய பிரிட்ஜ்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி எழுதியது அது. பத்தாண்டு முடிவில் 93.1 விழுக்காடு இம்ப்ளான்ட்கள் நிலைத்திருக்க, பிரிட்ஜ்களில் நிலைத்திருந்தவை 80.1 விழுக்காடு. ஐந்தாண்டுகளில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்த நோயாளிகள் 66.4 விழுக்காட்டினர் மட்டுமே. மூன்று பேரில் ஒருவர் ஏதோ ஒரு பழுதுக்காக நாற்காலிக்குத் திரும்பியிருக்கிறார். பழுதுகளில் முதலிடம், உலோகத்தின் மேலேற்றிய பீங்கான் போன்ற மேற்பூச்சு உடைவதற்கு: 13.5 விழுக்காடு. திருகாணி அல்லது அபட்மெண்ட் (இம்ப்ளான்டுக்கும் பல்லுக்கும் இடையே நிற்கும் இணைப்புத் துண்டு) தளர்வது 5.3 விழுக்காடு, சிமெண்ட் விட்டுப் பிரிட்ஜ் கழலுவது 4.7 விழுக்காடு. தோட்டுத் திருகாணி தளர்ந்தால் கைவிரலே இறுக்கிவிடும். கேப்புக்குள் இருக்கும் திருகாணி தளர்ந்தால், சிமெண்ட் வைத்து ஒட்டிய கேப்பாக இருக்கும் பட்சத்தில், நல்ல கேப்பைத் துளைபோட்டுத்தான் அதை எட்ட முடியும். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, ஒருவித ஆறுதல்தான் வந்தது. இத்தனை ஆண்டுகளாக உடைந்து திரும்பி வந்த பீங்கான் பற்களுக்கெல்லாம் என் அடுப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பீங்கான் ஏன் இயற்கைப் பல்லின் மேல் வைத்த கேப்பைவிட இங்கே அதிகம் உடைகிறது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று மெத்தைபோல இருக்கிறது. கடிக்கும்போது பல் அதில் 25 முதல் 100 மைக்ரோமீட்டர்வரை அமுங்கும். இம்ப்ளான்டுக்கு மெத்தை இல்லை, எலும்பின் நெகிழ்வால் கிடைக்கும் 3 முதல் 5 மைக்ரோமீட்டர்தான். அந்த நார்த்திசுவில்தான் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளும் இருக்கின்றன. ஹெம்மர்லேயும் அவரது குழுவினரும் 1995இல் அளந்து பார்த்ததில், அழுத்தத்தை உணர இயற்கைப் பல்லைவிட இம்ப்ளான்டுக்குச் சராசரியாக 8.75 மடங்கு அதிக விசை தேவைப்பட்டது. சோற்றில் கல் கடிபட்டால் நம் பல் நொடியில் வாயைத் திறக்கச் சொல்லிவிடும். இம்ப்ளான்ட் பல் அதை அறிவதற்குள் பீங்கான் தெறித்திருக்கும். முழு ஸிர்கோனியாவுக்கு மாறிய பிறகு என் மேசைக்குத் திரும்பும் உடைசல் குறைந்திருக்கிறது. அது உடையாவிட்டால் அந்த அதிர்ச்சியெல்லாம் திருகாணிக்குத்தானே போகிறது என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

இன்னொரு கட்டுரை என் தொழில் பெருமையைக் கொஞ்சம் தட்டிவைத்தது. பல இம்ப்ளான்ட்கள் மேல் ஒரே சட்டம் உட்கார வேண்டுமானால், அது எந்த இழுப்பும் இல்லாமல் தானாக உட்கார வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கல்மாவு மாடலில் சட்டத்தை வைத்து, ஒரு கோடியில் உள்ள ஒரே ஒரு திருகாணியை மட்டும் இறுக்க வேண்டும். மறுகோடியில் சட்டம் மேலே தூக்கினால் வேலை பிசகு. மூச்சை அடக்கிக்கொண்டு, மேசை விளக்கைச் சாய்த்து, அந்த மறுகோடியில் ஒரு தலைமுடி அளவுக்கு வெளிச்சக்கோடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்குப் பல உண்டு. தெரிந்தால் சட்டத்தை அறுத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி பார்ப்பேன். இடைவெளி 10 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பிரோனெமார்க் 1983இல் எழுதினார். தலைமுடியின் தடிமனில் அது ஏழில் ஒரு பங்குகூட வராது. அதே கோத்தன்பர்க்கில் யெம்ட்டும் புக்கும் 1996இல் நோயாளிகளின் வாயிலேயே அளந்து பார்த்தபோது, எந்தச் சட்டமும் முற்றிலும் இழுப்பின்றி உட்காரவில்லை; அந்தப் பிசகுக்கும் எலும்பு இறங்கியதற்கும் தொடர்பும் காணப்படவில்லை. நான் தூக்கம் கெட்டுத் துரத்திய முடியளவு வெளிச்சத்தை எலும்பு பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இருந்தாலும் அந்தச் சோதனையை நான் விடவில்லை. பிசகிய சட்டத்தில் திருகாணி தளரும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்; எலும்பு மன்னித்தாலும் திருகாணி மன்னிப்பதில்லை.

எலும்பு எதைப் பொறுத்துக்கொள்வதில்லை என்ற கேள்விக்கு விடை சொன்ன கட்டுரைகள் என்னைப் பைக்கே திருப்பிக் கொண்டுவந்தன. டெர்க்ஸும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட சுவீடன் ஆய்வு, சிகிச்சை முடிந்து ஒன்பது ஆண்டுகளான 588 பேரின் 2,277 இம்ப்ளான்ட்களைச் சோதித்தது. ஒரு தனி மருத்துவமனையின் தேர்ந்தெடுத்த நோயாளிகளாக இல்லாமல், நாட்டின் காப்பீட்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்தவர்கள் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஈறில் இரத்தக்கசிவோ சீழோ இருந்து, எலும்பும் அரை மில்லிமீட்டருக்குமேல் இறங்கியிருந்தவர்கள் 45 விழுக்காடு. 2 மில்லிமீட்டருக்குமேல் இறங்கிய கடுமையான நிலையில் இருந்தவர்கள் 14.5 விழுக்காடு. நிலைத்திருக்கும் இம்ப்ளான்ட்களின் பத்தியில் இவை பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கும். என் பையில் இருந்ததுகூட, வெளியே வருவதற்கு முந்தைய வாரம்வரை, அந்தப் பத்தியில் வெற்றியாகத்தான் எண்ணப்பட்டிருக்கும். பழைய ஈறுநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது எதிர்பார்த்ததே. கேப்பின் விளிம்பு எலும்புக்கு 1.5 மில்லிமீட்டர் நெருக்கத்துக்குள் இருந்தாலும் ஆபத்து கூடியது என்ற வரியில்தான் நான் நின்றேன். விளிம்பு எங்கே நிற்க வேண்டும் என்பது இம்ப்ளான்டை வைக்கும் ஆழத்தையும் அபட்மெண்டின் உயரத்தையும் பொறுத்தது. அந்த அபட்மெண்டைப் பல நாள் லேபில் தேர்ந்தெடுப்பவர்கள் நாங்கள்தான்.

கத்தாஃபூச்சியும் உடனிருந்தவர்களும் 2018இல் எழுதிய கட்டுரை இன்னும் நெருக்கமாக வந்தது. இம்ப்ளான்டிலிருந்து கேப் வெளியே விரியும் கோணத்தை அவர்கள் எக்ஸ்ரேயில் அளந்தார்கள். எலும்பு மட்டத்தில் வைக்கும் வகை இம்ப்ளான்ட்களில், கோணம் 30 டிகிரிக்குள் இருந்தபோது 15.1 விழுக்காட்டிலும், அதைத் தாண்டியபோது 31.3 விழுக்காட்டிலும் எலும்பழிவு நோய் இருந்தது. கோணமும் தாண்டி, வடிவமும் குடம்போல உப்பியிருந்தால் 37.8 விழுக்காடு. கடைவாய்ப் பல்லில் எங்கள் சிக்கலே இதுதான். இம்ப்ளான்டின் தண்டு நான்கு மில்லிமீட்டர் சொச்சம், அதன்மேல் வர வேண்டிய பல்லின் அகலம் பதினொரு மில்லிமீட்டர். பக்கத்துப் பற்களுடன் ஒட்டி நிற்க வேண்டும், உணவு சிக்கக்கூடாது, இடுக்கு கறுப்பாகத் தெரியக்கூடாது என்று மருத்துவர் கேட்பார். தண்டிலிருந்து சட்டென்று விரித்தால் மூன்றும் ஒருசேரக் கிடைக்கும். பையில் வந்த கேப்பின் பழைய வேலைச்சீட்டைத் தேடி எடுத்தேன். இடுக்கை நன்றாக மூடவும் என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தது. நன்றாகவே மூடியிருந்தேன். அந்த வயிற்றுக்குக் கீழே வழிந்த சிமெண்டை எந்தக் கருவியாலும் எட்டிச் சுரண்டியிருக்க முடியாது. நோய் கண்ட இம்ப்ளான்ட்களை ஈறுக்குள் நுழையும் கேமராவால் சோதித்த வில்சன், 81 விழுக்காட்டில் மிஞ்சிய சிமெண்டைக் கண்டதாக 2009இல் எழுதினார். அதை எடுத்த பிறகு 74 விழுக்காட்டில் நோயின் அறிகுறிகள் மறைந்தன. 42 இம்ப்ளான்ட்களை மட்டுமே பார்த்த சிறிய ஆய்வுதான். ஆனால் எனக்கு அந்தச் சாம்பல் நிறச் சிப்பி கண்ணில் வந்து நின்றது.

இவ்வளவும் படித்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் அம்மாவுக்குக் கீழ்ப் பல்செட்டை மாற்ற வேண்டிவந்தது. ஊருக்கெல்லாம் செட் கட்டும் நான் அம்மாவுக்கு மூன்று முறை கட்டியும் கீழ்ச்செட் ஒருநாளும் நிலையாக நின்றதில்லை. பல்லெல்லாம் எடுத்துப் பல ஆண்டுகளானதால் கீழ்த்தாடையின் மேடு தேய்ந்து தட்டையாகிவிட்டது. டால்கிரென் இருபத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1972இல் வெளியிட்ட அளவீட்டில், செட் போட்டவர்களுக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. 2002இல் மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட்களில் மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்ததற்கு இந்தத் தேய்மானமும் ஒரு காரணம். அம்மாவுக்கு அதைத்தான் செய்தோம். முன்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட்கள், அவற்றின் தலையில் பொத்தான்போல ஒரு பிடிப்பு, செட்டின் அடியில் அதைக் கவ்வும் நைலான் குமிழ்.

அந்த நைலான் குமிழ் மூன்று நிறத்தில் வருகிறது: நிறமற்றது இறுக்கம், இளஞ்சிவப்பு நடுத்தரம், நீலம் தளர்வு. முதலில் நிறமற்றதைப் போட்டேன். மூட்டுவலி பிடித்த விரல்களால் அம்மாவால் கழற்ற முடியவில்லை. இரவில் என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நீலத்தைப் போட்டேன். "இட்லிக்குச் சரிப்பா, கடலைக்கு நிக்கல," என்றார். இப்போது இளஞ்சிவப்பு. இதுவரை நான்கு முறை குமிழ் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். இம்ப்ளான்ட்கள் இரண்டுக்கும் எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. ஓர் ஆய்வில் அம்மாவைச் சேர்த்தால் நூற்றுக்கு நூறு. ஆனால் செட் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களிடம் அம்மா சொல்வது அந்தச் சின்னக் குமிழ் தேய்ந்த கதையைத்தான்.

பையில் வந்தவருக்கு எலும்புத் தூள் வைத்து ஆறவிட்டு, இரண்டாவது இம்ப்ளான்ட் வைத்து, சென்ற ஐப்பசியில் கேப்புக்கு அச்சு வந்தது. இந்த முறை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு விஷயம் கேட்டேன்: சிமெண்ட் வேண்டாம், மேலிருந்து திருகாணி போட்டு இறுக்கும் வகையில் செய்யட்டுமா, கீழே இடுக்கைத் திறந்துவிடட்டுமா. இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். தண்டிலிருந்து மெதுவாக ஏறி, பக்கத்துப் பல்லை உச்சியில் மட்டும் தொடும்படி ஒடுக்கமாகச் செய்தேன். திரையில் கோணத்தை அளந்தபோது 27 டிகிரி காட்டியது. பழைய கேப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டினி கிடந்ததுபோல இருந்தது. மாடலில் மாட்டி, இடுக்கில் நுழைக்கும் சின்ன பிரஷ் ஒன்றை அடியில் விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, அந்த பிரஷையும் பெட்டியிலேயே வைத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மருத்துவர் அழைத்தார். கேப் சரியாக உட்கார்ந்துவிட்டதாம், திருகாணி இறுக்கியாகிவிட்டதாம். நோயாளிக்குத்தான் ஒரு குறை: பழைய கேப்பில் எதுவும் சிக்காது, இதில் சாப்பிட்டவுடன் கீரை போய் உட்கார்ந்துகொள்கிறது, கொஞ்சம் மூடித்தர முடியுமா என்று கேட்கிறாராம்.